சுவீடன்காரர் உடைத்த விரல்

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் கலாதேவிக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து, சிறுபிள்ளை யாரோ எழுதியது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பின்புறம் திருப்பியபோது பிரவு ஹெப்பின் முகவரி இருந்தது.

பிரவு ஹெப், அதாவது திருமதி ஹெப், லிண்டல்ஹைம் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, தரை கூட்டுவது, திறப்புக் கொத்தை இடுப்பில் கொழுவிக்கொண்டு திரிவது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு நத்தாருக்கும் அவரிடமிருந்து அச்சடித்தது போன்ற நேரான எழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை வரும். இது வேறு எழுத்து.

“மே மாதம் எனக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை வேலை செய்யாது. இதை இடது கையால் எழுதுகிறேன். செப்டெம்பர் பத்தாம் திகதி, பழைய கட்டடங்களைத் திறந்துவிடும் நாள். ஆட்கள் கோயில் பார்க்க வருவார்கள். பதின்மூன்று வருடமாக நான்தான் சுற்றிக் காட்டினேன். புதிய பாதிரியாருக்கு ஐந்து கோயில்கள், எங்களுடையதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் கோயில் வரலாற்றுப் புத்தகம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஆள் இன்னும் ஒருவர்தான் இருக்கிறார். அது நீங்கள். இரண்டு மணிக்குத் தொடக்கம். ஒன்றரைக்கு வாருங்கள்.”

சிறீதரன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தான். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதிகள் பிரிக்கும் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவன், சப்பாத்தைப் போடாமல் நின்றான்.

“மனுசி இன்னும் மாறேல்லை. கேக்கிறதே இல்லை, கட்டளைதான்.”

“எனக்கு ஏலாது. நாப்பது ஐம்பது ஜெர்மன் ஆக்களுக்கு முன்னாலை நிண்டு அவையின்ரை கோயிலைப் பற்றி நான் கதைக்கிறதோ?”

“உமக்குத் தெரியாததே? நித்திரையிலும் சொல்லுவீர்.”

அது உண்மைதான். அவள் ஜெர்மன் மொழியைப் படித்ததே அந்தக் கோயிலில்தான்.

பத்து வருடங்களுக்கு முன், 1996 ஜனவரியில், அவர்கள் இருவருடைய அகதி விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டு அனுப்புவதற்கு விமானத் திகதியும் குறிக்கப்பட்டிருந்தது. மன்னாரைச் சேர்ந்த வெரோனிக்கா அக்கா அஷாபன்பூர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துவந்தார். அவர் தனக்குத் தெரிந்த ஒரு பாதிரியாரிடம் பேசினார். அந்தப் பாதிரியாரின் பங்கு லிண்டல்ஹைம். பங்குச் சபை கூடி, இருவரையும் கோயிலுக்குள் தங்கவைப்பதா என்று வாக்கெடுத்தது. ஏழு பேர் சரி என்றார்கள், ஐந்து பேர் மறுத்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலை வெரோனிக்கா அக்கா அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்கினார்.

“இஞ்சை உள்ளுக்கு இருந்தால் பொலிஸ் வராது. ஆனால் வாசற்படியைத் தாண்டிப் போடாதேங்கோ. புது அன்ட்ராக், விண்ணப்பம், போட்டிருக்கு. அதின்ரை முடிவு வருமட்டும் இஞ்சைதான்.”

“அக்கா, நாங்கள் சைவ சமயம் எல்லே,” என்றாள் கலாதேவி.

“ஓம், அதைப் பாதருக்குச் சொன்னனான். அவர் கட்டில் ரெண்டு காணுமோ எண்டு மட்டும்தான் கேட்டவர்.”

அவர்களுக்குக் கொடுத்த அறை, பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்கு மேலே இருந்தது. சுழன்று ஏறும் கற்படிகள் இருபத்துமூன்று. இரண்டு கட்டில், ஒரு மின் அடுப்பு, கையளவு ஹீற்றர். ஒரு சின்ன யன்னல் வெளியே அப்பிள் தோட்டத்தைப் பார்த்தது. இன்னொன்று கோயிலுக்கு உள்ளேயே திறந்தது. அதன் வழியாகக் குனிந்தால் பீடமும் பிரசங்க மேடையின் மேற்கூரையில் படிந்த தூசியும் தெரியும்.

மறுத்து வாக்களித்த ஐந்து பேரில் பிரவு ஹெப் ஒருவர். முதல் வாரம் முழுவதும் அவர் அவர்களோடு ஒரு சொல் பேசவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கி நின்று, அவர்கள் போனபின் அந்தப் படியைக் கூட்டுவார்.

இரண்டாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, கலாதேவி உடுப்புத் தோய்த்தாள். மேல் அறையில் எதுவும் காயாது. கோயிலின் நடுப்பகுதியில், சூடான காற்று வரும் இரும்புத் தட்டி ஒன்று தரையில் இருந்தது. அன்று பூசை இல்லை. அந்தத் தட்டிக்குப் பக்கத்துச் சுவரில், கல்லில் செதுக்கிய ஒரு பிரபுவும் அவன் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து முழந்தாளில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலாதேவி கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டினாள். மறுநுனியை அந்தப் பிரபுவின் குவித்த கையில் சுற்றினாள். துவாய்களைப் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. சிறீதரனின் ஈர ஜீன்ஸைப் போட்டதும் “டிக்” என்று ஒரு சத்தம் கேட்டது.

தரையில் ஒரு சுண்டுவிரல் கிடந்தது.

அவள் அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள். ஒளித்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. ஆனால் பிரவு ஹெப் வாளியோடு உள்ளே வந்தபோது அவளுடைய கால்கள் தாமாக எழுந்து நடந்தன. மொழி தெரியாது. கையை விரித்துக் காட்டினாள்.

பிரவு ஹெப் விரலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். ஜீன்ஸைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்து, விரலை அதில் சுற்றி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அன்று சிறீதரனும் கலாதேவியும் சாப்பிடவில்லை. உடுப்புப் பையை அடுக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிரவு ஹெப் படியேறி வந்தார். கையில் ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் 1958இல் எழுதிய கோயில் வரலாறு, நாற்பது பக்கம். அதைக் கலாதேவியின் மடியில் வைத்து, தரையைக் காட்டினார், சுவரைக் காட்டினார், கூரையைக் காட்டினார். எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள் என்று அவர் சொன்னது மொழி தெரியாமலே அவளுக்கு விளங்கியது.

அந்த வாரமே பங்குச் சபையில் மறுத்து வாக்களித்த இன்னொருவர், அந்த ஊரின் தச்சர், உடைந்த கையைக் கண்டுபிடித்துவிட்டார். கலாதேவி அப்போது மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சிலையைக் காட்டிச் சத்தமாக ஏதோ கேட்க, பிரவு ஹெப் கூட்டுவதை நிறுத்தாமல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். “ஷ்வேடன்.”

அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வெரோனிக்கா அக்கா கொண்டுவந்து தந்த அகராதியில் கலாதேவி அந்தச் சொல்லைத் தேடினாள். சுவீடன் நாடு என்று போட்டிருந்தது. சிறீதரனுக்கும் விளங்கவில்லை. புத்தகத்தின் பதினான்காம் பக்கத்துக்கு அவள் வந்து சேர மூன்று கிழமை ஆனது. 1631இல், முப்பது வருடப் போர் நடந்த காலத்தில், சுவீடன் படை அந்த ஊருக்குள் புகுந்து கோயில் சிலைகளை உடைத்தது என்று அங்கே எழுதியிருந்தது. அவள் புத்தகத்தை மூடிவிட்டு யன்னலால் கீழே பார்த்தாள். பிரவு ஹெப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தார். தங்களை வேண்டாம் என்ற மனுசி, தங்களுக்காகக் கோயிலுக்குள்ளேயே நின்று பொய் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குப் பாடம் நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அவள் உரத்து வாசிக்கவேண்டும், பிரவு ஹெப் திருத்துவார். ஒரு சொல் விளங்காவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளுக்கு முன்னால் நிறுத்துவார். ‘கெவோல்ப’ என்றால் தலைக்கு மேலே கல்லை வளைத்துக் கட்டிய கூரை. ‘கன்சல்’ என்றால் பிரசங்க மேடை. பாணுக்கும் பாலுக்கும் பேர் தெரியும் முன்னே, வெளிச்சுவருக்கு முட்டுக்கொடுக்கும் தூணுக்கு ஜெர்மன் மொழியில் என்ன பேர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கையில் இரும்புக் கம்பித் தட்டியோடு நின்ற புனித லோறன்சியாரின் சிலையை, யன்னல் செய்கிற ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தத் தட்டியில் வைத்துத்தான் அவரை நெருப்பில் வாட்டிக் கொன்றார்கள் என்று வாசித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் மச்சம் சமைக்கமாட்டாள். அதைக் கண்ட பிரவு ஹெப், தானும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடுவதில்லை என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து பருப்புக் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு துளி உறைப்பு இல்லாத கஞ்சி. இருவரும் இருபத்துமூன்றாவது படியில் இருந்து குடித்தார்கள்.

ஜூலை மாதம் விண்ணப்பத்தை மறுபடி விசாரிப்பதாகக் கடிதம் வந்தது. அவர்கள் வாசற்படியைத் தாண்டினார்கள். பின்னர் வதிவிட உரிமை கிடைத்தது, பிராங்பேர்ட்டில் வீடு கிடைத்தது, மகள் பிறந்தாள். சிறீதரனுக்கு இரவு வேலை. கலாதேவிக்கு ஒரு மருத்துவமனைச் சமையலறையில் விடிய ஐந்து மணிக்கு வேலை. லிண்டல்ஹைம் இரண்டு மணி நேரத் தூரம்தான். இருந்தும், அடுத்த கோடைக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓடிவிட்டது.

செப்டெம்பர் பத்தாம் திகதி மகளைச் சிநேகிதி வீட்டுப் பிறந்தநாளுக்கு விட்டுவிட்டு, இருவரும் ரயில் ஏறினார்கள். சிறீதரன் இரவு வேலை முடிந்து நேரே வந்தவன், யன்னலில் தலையைச் சாய்த்தபடி வந்தான். கலாதேவி நீலச் சேலை உடுத்தி, அதற்கு மேல் கோட் போட்டிருந்தாள்.

மைன் ஆற்று வளைவில் கோபுரம் தெரிந்தது. சீவிய பென்சில் போல மேலே கூர்ந்து போகும் கறுத்த ஓட்டுக் கோபுரம். கீழே சிவப்புக் கல் சுவர். அந்தக் கோபுரத்தை இவ்வளவு தூரத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. ஆறு மாதமும் அதற்குள்ளே இருந்தாள். வந்த அன்று மாலை இருட்டு, போன அன்று திரும்பிப் பார்க்கப் பயம்.

வாசலில் பிரவு ஹெப் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அவருடைய உதட்டின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. மடியில் கிடந்த வலது கை யாருடையதோ போல இருந்தது. கலாதேவி குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்தாள். பிரவு ஹெப் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஒன்று நாற்பது.

“பத்து... நிமிடம்... பிந்திவிட்டீர்கள்,” என்றார்.

நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கலாதேவி வாசலில் நின்று தொடங்கினாள். முதல் வசனத்தில் தடுமாறினாள். இரண்டாவது வசனத்தில் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியரின் சொற்கள் வந்து கைகொடுத்தன.

“இந்தக் கோயிலின் நடுக்கட்டு 1607ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வூர்ட்ஸ்பூர்க் ஆயர் பழைய கோயிலை இடித்து, இத்தாலியில் இருந்து வந்த புது முறையில் கட்டச் சொன்னார். கட்ட வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூர் வளைவு மட்டும் கட்டிப் பழகியவர்கள். அதனால் யன்னல்களைப் பாருங்கள், எல்லாம் பழைய மாதிரி மேலே கூராக இருக்கின்றன. இந்த வாசலைப் பாருங்கள். அரைவட்ட வளைவு, இரண்டு தூண், மேலே முக்கோண முகப்பு. இதுதான் மறுமலர்ச்சிக் காலத்து முறை. இதை அவர்கள் முன்பின் கண்டதில்லை. ஒரு மாதிரிப் புத்தகத்தை வைத்துப் பார்த்துச் செய்தார்கள். இடது தூண் நாலு விரல் கட்டையாக வந்துவிட்டது. அடியில் ஒரு கல்லை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கலாதேவி கொஞ்சம் தயங்கிவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“நானும் ஜெர்மன் மொழியை ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தேன். அந்தப் புத்தகம் இந்தக் கோயிலைப் பற்றியது. என்னிடமும் கட்டையான தூண்கள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.”

சிரிப்பு எழுந்தது. பிரவு ஹெப் சிரிக்கவில்லை. புத்தகத்தில் இல்லாததை அவர் விரும்புவதில்லை.

உள்ளே போனபின் அவளுக்குப் பயம் போய்விட்டது. கல் கூரையில் ஓடும் விலா எலும்பு போன்ற வளைவுகள், அவை சந்திக்கும் இடத்தில் இருக்கும் ஆயரின் சின்னம், பாடகர் மாடத்தைத் தாங்கும் தூண்கள் எல்லாவற்றையும் காட்டினாள். பிரசங்க மேடையில் நான்கு நற்செய்தியாளர்கள் அவரவர் சின்னங்களோடு செதுக்கப்பட்டிருந்தார்கள். லூக்காவின் மாட்டைச் செதுக்கியவன் மாட்டை நன்றாகப் பார்த்திருக்கிறான், மாற்குவின் சிங்கத்தைச் செதுக்கியபோது தன் வீட்டு நாயைத்தான் பார்த்திருக்கிறான் என்றாள். மார்ச் மாதத்தில் காலை பத்து மணி வெயில் எந்த வாங்கில் விழும், மழை பெய்தால் எந்த மூலையில் முதலில் சொட்டும் என்பதையும் சொன்னாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலர், தெரியாதே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரபுவின் சிலைக்கு முன்னால் வந்தபோது, கூட்டத்தில் இருந்து ஓர் இளம் பெண் முன்னே வந்தாள். அடுத்த வருடம் நடக்கவிருந்த திருத்த வேலைக்குக் கல் சிற்பங்களைப் பார்வையிட வந்தவள் அவள்.

“இந்தச் சுண்டுவிரல் சுவீடன் படை வந்தபோது உடைந்தது என்று என்னிடம் சொன்னார்கள். ஆனால் உடைந்த இடம் வெளிறி இருக்கிறது. மற்றக் காயங்கள் எல்லாம் கறுத்துப் போயிருக்கின்றன. இது அவ்வளவு பழையதாக இருக்க முடியாது. புத்தகத்தில் இதைப் பற்றி என்ன இருக்கிறது?”

கலாதேவி பிரவு ஹெப்பைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தச்சரும் வந்திருந்தார்; இப்போது கிழவர், காதில் கருவி மாட்டியிருந்தார். சிறீதரன் தூணுக்குப் பக்கத்தில் நின்று மெல்லத் தலையசைத்தான். சொல் என்கிறானா, வேண்டாம் என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“புத்தகத்தில் ஒன்றும் இல்லை,” என்றாள். “சுவீடன்காரர் உடைக்கவும் இல்லை. நான் உடைத்தேன். 1996 ஜனவரியில் நானும் என் கணவரும் இந்தக் கோயிலில் அடைக்கலமாக இருந்தோம். அவருடைய ஜீன்ஸைக் காயப்போட இந்தக் கையில் கயிறு கட்டினேன்.”

சக்கர நாற்காலியில் இருந்து குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி.

“சுவீடன்... என்று சொன்னது... நான்.”

தச்சர் காதுக் கருவியைத் தொட்டபடி பக்கத்தில் இருந்தவரிடம், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவர் காதுக்குள் விளக்கினார். தச்சர் சிலையையும், சிறீதரனின் காற்சட்டையையும், பிரவு ஹெப்பையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிப்பு அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றியது.

“பத்து வருடமாக வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் நான் சுவீடன்காரனைத் திட்டிச் சொன்னேனே, இங்கெபோர்க்,” என்றார் அவர், பிரவு ஹெப்பைப் பெயர் சொல்லி அழைத்து.

இளம் பெண்ணுக்கு விரல்தான் முக்கியம். அது எங்கே என்று கேட்டாள். பிரவு ஹெப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. இடது கையால் நெற்றியைத் தேய்த்தார். பத்திரமாக வைத்தேன், லேஞ்சியோடு வைத்தேன் என்று மட்டும் அவருக்கு நினைவிருந்தது. எங்கே என்பது மே மாதத்தோடு போய்விட்டது.

கூட்டம் கலைந்தபின் பூசை உடுப்பு அறையின் லாச்சிகள் எல்லாவற்றையும் கலாதேவி திறந்து பார்த்தாள். மெழுகுதிரித் துண்டுகள், பழைய பாட்டுத் தாள்கள், பேரில்லாத திறப்புகள், ஒற்றைக் கையுறை. விரல் இல்லை. பிரவு ஹெப்பின் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது கலாதேவி பார்த்ததில்லை.

“வேறு என்ன எல்லாம் போய்விட்டதோ, அதுகூட எனக்குத் தெரியாது,” என்று அவர் துண்டு துண்டாகச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது.

கலாதேவி அவருக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். ஆறுதல் சொல்ல ஜெர்மன் மொழியில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் புத்தகத்தில் ஆறுதல் சொல்லும் வசனம் எதுவும் இல்லை. அதனால் முதல் பக்கத்தில் இருந்து வாசிப்பதைப்போலச் சொல்லத் தொடங்கினாள். கோயிலின் நடுக்கட்டு 1607ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மூன்றாவது பக்கத்தில், கூரை போட்ட வருடத்தை அவள் மாற்றிச் சொன்னாள். தெரிந்தேதான் சொன்னாளோ என்னவோ.

“பதின்மூன்று,” என்றார் பிரவு ஹெப் உடனே. “ஆயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று.”

“ஓம், பதின்மூன்று,” என்று கலாதேவி தமிழும் ஜெர்மனும் கலந்து சொன்னாள்.

புறப்படுமுன் சிறீதரனும் அவளும் மேல் அறைக்குப் போனார்கள். கட்டில்கள் இல்லை. நத்தார்க் குடிலுக்கான மரச் சிலைகள், வைக்கோல், மடித்து அடுக்கிய கதிரைகள் இருந்தன. சிறீதரன் இரண்டு கதிரைகளை விரித்துப் போட்டான். இருவரும் உள் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கீழே யாரோ வாங்குகளை நேராக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கல்லும் மெழுகும் கலந்த அதே மணம்.

“நான் ஒண்டு சொன்னால் சிரிப்பீர்,” என்றான் சிறீதரன். “எனக்கு அந்த ஆறு மாசமும் நினைச்சால் ஆசையாக் கிடக்கு.”

“என்னத்துக்கு? ஒவ்வொரு நாளும் பயத்திலை செத்துப் பிழைச்சனாங்கள்.”

“அது சரிதான். ஆனால் மூண்டு நேரமும் ஒண்டா இருந்து சாப்பிட்டம். அதுக்குப் பிறகு என்ரை வேலை முடிய உம்மடை வேலை தொடங்குது. குசினி மேசையிலை துண்டு எழுதி வைச்சுத்தான் கதைக்கிறம்.”

கலாதேவி கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அந்த நாட்களில் அவன் அந்தக் கட்டிலில் படுத்தபடி அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். தனக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், நல்லாய் இருக்கு, இன்னொருக்கால் வாசியும் என்பான். அதை அவள் இத்தனை வருடமும் மறந்திருந்தாள்.

பிரவு ஹெப்பிடம் விடைபெற்றபோது அவர் அடுத்த செப்டெம்பரைப் பற்றிக் கேட்டார். விடுமுறைக்கு ஏப்ரலிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும் என்றாள் கலாதேவி.

“அப்படியென்றால் ஏப்ரலில் எழுதிக் கொடுங்கள்,” என்றார் அவர். பக்கத்து வீட்டுப் பெண் பிளம் கேக் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ரயில் நிலையத்துக்கு வந்தபோது ஐந்தே கால் ரயில் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் இருந்தது. சிறீதரன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு மேடையின் அந்தக் கோடிவரை நடந்தான். அவன் யாருடனோ கதைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“இண்டைக்கு வேலைக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்ன காரணம் சொன்னனீங்கள்?”

“ஒண்டும் சொல்லேல்லை. வரேலாது எண்டு சொன்னன்.”

அவள் வாங்கில் தள்ளி இருந்து இடம் விட்டாள். பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். கேக் புளிப்பாக இருந்தது. பரவாயில்லை என்று இருவரும் சாப்பிட்டார்கள்.